பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒழுகல்

மழை பெய்தால் தையல்காரர் வீட்டுப் படுக்கையறை ஒழுகும். இது ஒரு பெரிய விஷயமே அல்ல. பழைய வீடு என்று இருந்தால் எங்கேயாவது ஒழுகத்தான் செய்யும்; ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு அரை நாள் வேலை வாங்கினால் தீர்ந்துபோகும். தையல்காரரும் அப்படித்தான் நினைத்துக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சினன் அக்காவைப் பார்க்க வராமல் இருந்திருந்தால், அந்தக் குடும்பம் பட்ட பாட்டில் ஒன்றுகூட நடந்திருக்காது.

மச்சினன் நல்லவன். ஆனால் எந்தக் காரியத்தையும் நேராகப் போய் முடிப்பது அவனுக்குப் பிடிக்காது. நடுவில் ஒரு அலுவலகமாவது இருக்க வேண்டும்.

"மாமா, இது யார் காலத்து வீடு?" என்று மேலே பார்த்துக் கேட்டான்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் கட்டினது. அவரும் அவர் தம்பியும்."

"அப்ப எதுக்குக் கொத்தனார்? புராதன வீடுன்னு ஒரு மனு எழுதிப் போட்டா அரசாங்கமே வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போகும். அதுக்குன்னே ஒரு துறை இருக்கு."

"ஒரு ஓட்டைய அடைக்க ஒரு துறையாடா?" என்றாள் அக்கா. அவள் கட்டிலை ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு மூலைக்கு நகர்த்தி நகர்த்தி இடுப்பு பிடித்துக்கொண்டவள். அவளுக்கு வேண்டியது நனையாத ஒரு கட்டில், அவ்வளவுதான்.

தையல்காரருக்கோ "புராதனம்" என்ற சொல் காதில் விழுந்ததும் தலைகால் புரியவில்லை. அதுவரை அந்த வீட்டை யாரும் அப்படி மரியாதையாகச் சொன்னதில்லை. கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மனுவைப் போட்டார்.

அந்த வீட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டும்போது, மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு அண்ணன் பங்கில் வந்துவிட்டது. மாடி முழுவதையும் அண்ணனே சுருட்டிக்கொள்வான் என்று தம்பிக்குச் சந்தேகம். அண்ணன் ஊரில் இல்லாத சமயம் பார்த்துப் படிக்கட்டின் உச்சியில் குறுக்கே ஒரு சுவரை எழுப்பிவிட்டான். அன்று முதல் அந்தப் படியில் ஏறினால் சுவரில்தான் முட்ட வேண்டும். மாடிக்குப் போக வேண்டும் என்றால் வெளியே ஏணி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று யாராவது கேட்டால், "அவன் முதல்ல அடிக்கட்டும்" என்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே தலைமுறைகள் போய்விட்டன. தம்பி வம்சம் ஊரை விட்டுப் போனதும் முழு வீடும் தையல்காரருக்கு வந்தது. அதற்குள் சுண்ணாம்பு அடிக்கும் பழக்கமே அந்தக் குடும்பத்துக்கு மறந்து போயிருந்தது.

மரபுக் கட்டிடப் பாதுகாப்புத் துறை ஒருநாள் காலை வந்து இறங்கியது. முன்னால் இயக்குநர், பின்னால் துறையின் ஆலோசகர், அவருக்குப் பின்னால் குடை பிடிக்க ஒருவர், அவருடைய குடையைப் பிடிக்க இன்னொருவர். ஆலோசகர் வந்ததும் வராததுமாகப் படிக்கட்டில் ஏறினார். உச்சியில் சுவரில் நெற்றி இடித்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஆஹா! ஏறுகிற மனுஷனுக்கு எல்லை உண்டுன்னு கல்லுல சொல்லியிருக்காங்க சார். இது தத்துவப் படிக்கட்டு. உலகத்துல வேற எங்கயும் இல்ல."

"அது தம்பிக்காரர் கோவத்துல வச்ச சுவருங்க," என்றார் தையல்காரர்.

ஆலோசகர் நெற்றியைத் தடவிக்கொண்டே இரக்கத்தோடு பார்த்தார். "உங்க குடும்ப வரலாறு உங்களுக்குத் தெரியல. அது உங்க தப்பு இல்ல. குடும்பத்துல பொறந்தவங்க யாருக்கும் தெரியறதில்ல. அதுக்குத்தான் வெளியிலிருந்து நாங்க வர்றோம்."

படுக்கையறைக்கு வந்ததும் இயக்குநர் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். முந்தின நாள் மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

"இந்த வீட்டை இத்தனை தலைமுறையா யாருமே கவனிக்கல. இதோட பெருமையே அதுதான். கவனிச்ச வீடு தெருவுக்குத் தெரு இருக்கு. இப்படி ஒருநாள் விடாம, மனசு தளராம, கவனிக்காமலே விட்ட வீடு எங்க இருக்கு? எங்க துறையில இவ்வளவு பேர் இருக்கோம், இவ்வளவு வருஷமா பாடுபடறோம், எங்க கட்டிடம் ஒண்ணக்கூட எங்களால இந்த நிலைமைக்குக் கொண்டுவர முடியல!"

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். தையல்காரரும் மரியாதைக்குத் தட்டினார். அவர் மனைவி தட்டவில்லை.

"எப்ப சார் அடைப்பீங்க?" என்று கேட்டாள்.

"எதை?"

"ஓட்டைய."

பிள்ளையின் கழுத்தை எப்போது நெரிப்பீர்கள் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "அம்மா, இது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒழுகல்," என்றார் ஆலோசகர் மெதுவாக. "வீடு கட்டின அன்னைக்கே ஒழுகியிருக்கு."

"எங்கப்பா காலத்துல ஒழுகலீங்களே," என்றார் தையல்காரர்.

"அது உங்கப்பாவோட ஞாபகம். இது ஆய்வு."

கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். ஒழுகலைத் தொடக்கூடாது, அதற்குக் கீழே பிளாஸ்டிக் வாளி வைக்கக்கூடாது என்று பலகை மாட்டினார்கள். பிளாஸ்டிக் அந்தக் காலத்தில் கிடையாதாம். புதுப்பிக்கும் வேலைக்கென்று சுண்ணாம்புக் கலவை மூட்டை மூட்டையாக வந்து முற்றத்தில் இறங்கியது. ஒரு மூட்டையையும் யாரும் பிரிக்கவில்லை.

அடுத்த வாரம் சாக்பீஸ் பிடித்த ஊழியர் ஒருவர் வந்தார். வீட்டில் பிற்காலச் சேர்க்கைகளைக் கண்டுபிடித்துக் குறிபோடுவது அவருடைய வேலை. கோடு போட்ட பொருள் எல்லாம் வெளியே போக வேண்டும். மின்விசிறி மேல் கோடு போட்டார். குழாய் மேல் போட்டார். கழிவறைப் பீங்கான் மேல் போட்டார். தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, வருத்தத்தோடு அதன்மேலும் போட்டார். பிறகு தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எந்த வருஷம்?"

தையல்காரர் பிறந்த வருஷத்தைச் சொன்னார். ஊழியர் உச்சுக்கொட்டிவிட்டு அவர் சட்டைமேல் ஒரு கோடு இழுத்தார். கோடு இழுத்துத் துணி வெட்டிப் பிழைத்த மனுஷன் தன்மேல் விழுந்த கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் இந்த வீட்டுக்காரனுங்க."

"அதெல்லாம் சரி. ஆனா வீடு கட்டும்போது நீங்க இல்லையே. நடுவுல வந்து சேர்ந்தவர்தானே? கோவிச்சுக்காதீங்க, உங்களை ஒண்ணும் தூக்கி எறிஞ்சுட மாட்டோம். எடுத்த பொருள் எதையும் எங்க துறை எறியாது. எல்லாம் பத்திரமா கிடங்குல இருக்கும்."

துறை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மின்விசிறி, பீங்கான், குழாய், தையல் மெஷின், தையல்காரர், அவர் மனைவி எல்லோரும் ஒரே வண்டியில் கிடங்குக்குப் போனார்கள். எல்லாவற்றுக்கும் அட்டை கட்டினார்கள். கழுத்தில் கட்டுவதா கையில் கட்டுவதா என்பதில் அவர்களுக்குள் கொஞ்சம் கருத்து வேறுபாடு வந்து, கடைசியில் கையில் கட்டினார்கள். திங்கட்கிழமைதோறும் கிடங்குக் காப்பாளர் வந்து சரிபார்ப்பார். "பீங்கான் ஒண்ணு, லேசான விரிசல். தையல்காரர் ஒண்ணு, நல்ல நிலைமை. மனைவி ஒண்ணு, முறைக்குது."

கிடங்கு ஒழுகவில்லை. அதை நினைத்து முதல் நாள் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் அங்கே அடுப்பு மூட்டக்கூடாது. தையல் மெஷின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் தைக்கக்கூடாது. ஒரு அட்டை கட்டிய பொருளை இன்னொரு அட்டை கட்டிய பொருள் பயன்படுத்த விதியில் இடமில்லை. வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பார்த்துப் போய்விட்டார்கள். தையல்காரர் பீங்கான்மேல் உட்கார்ந்து ஒருநாள் வாய்விட்டு அழுதார்.

"சும்மா இருந்த நம்மளை என்னமோ பெரிய மனுஷங்கன்னு சொன்னாங்க. நானும் மயங்கிட்டேன்டி."

"மயங்கினது போதும். வீட்டுக்குப் போற வழியப் பாருங்க," என்றாள் அவள்.

வழி கிடைப்பதுபோல் ஒருநாள் தெரிந்தது. வெளிநாட்டு வல்லுநர்கள் வந்து பார்த்துவிட்டு, குடும்ப வீடு என்கிறீர்களே, குடும்பம் எங்கே என்று கேட்டுவிட்டார்களாம். துறை ஆடிப்போய், அந்த வீட்டுக்கு ஒரு குடும்பத்தைப் பணியமர்த்த முடிவு செய்தது. தையல்காரர் குடும்பத் தலைவர் வேலைக்கு முதல் ஆளாகப் போய் நின்றார். இயக்குநர் அவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க ஏற்கெனவே அங்க வாழ்ந்தவர். உங்களால பாரபட்சம் இல்லாம வாழ முடியாது. தவிர, உங்களுக்கு வாழ்ந்த அனுபவம் இருக்கே தவிர வாழறதுல பயிற்சி இல்ல."

கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரைக் குடும்பத் தலைவராகவும், தட்டச்சுப் பிரிவிலிருந்து ஒரு அம்மாளை மனைவியாகவும் அங்கே மாற்றினார்கள். அவர்களுக்கு வேலை நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அந்த நேரத்துக்குள் குடும்பம் நடத்தி முடித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் பேருந்து பிடிப்பார்கள்.

தையல்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பாளரிடம் சொல்லிவிட்டு, நுழைவுச்சீட்டு வாங்கித் தன் வீட்டைப் பார்க்கப் போவார். வெயில் காலம் வந்திருந்தது. மழை இல்லாவிட்டால் ஒழுகலைப் பார்வையாளர்களுக்கு எப்படிக் காட்டுவது? அதற்காக ஒரு ஊழியர் மொட்டை மாடியில் உட்கார்ந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கீழே கட்டிலில் குடும்பத் தலைவர் நனைந்துகொண்டு குடும்பத் தலைவராக இருந்தார்.

"அண்ணே, சேர்ந்த நாள்லேர்ந்து மூக்கு அடைச்சே கெடக்கு," என்றார் அவர் தையல்காரரிடம், யாரும் பக்கத்தில் இல்லாதபோது. "கணக்குப் பிரிவுல ராஜாவா இருந்தேன். இந்த அம்மா வேற, நாள் முழுக்க என்கூடப் பேசறதில்ல. கட்டிலை நகர்த்தக் கூடாதாம். நீங்கல்லாம் எப்படிண்ணே இங்க இருந்தீங்க?"

"நாங்க நகர்த்திக்குவோம்," என்றார் தையல்காரர்.

அந்த மனுஷன் தும்மியதைப் பார்த்து அவருக்கு மனசு தாங்கவில்லை. சாப்பாட்டு நேரம். மேலே தண்ணீர் ஊற்றுகிறவர் ஏணியை வைத்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். துறையின் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனாலும் கேட்க ஆள் கிடையாது. முற்றத்தில் பிரிக்காத மூட்டைகள் கிடந்தன. தையல்காரர் ஒன்றைப் பிரித்தார், கலவையைக் குழைத்தார், ஏணியில் ஏறினார். கிழிசலைக் கண்டால் தைக்காமல் இருக்க முடியாத கை அது. ஓட்டையை அடைத்து, நன்றாக மட்டம் தட்டி, ஒருமுறை தடவியும் பார்த்துவிட்டு இறங்கினார். அட்டை கட்டிய நாளிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கலவை காயச் சில நாள் கிடைத்திருந்தாலாவது விஷயம் அதுவரை மறைந்திருக்கும். சாப்பிட்டு வந்தவர் முதல் குடத்தை ஊற்றியதுமே விஷயம் வெளியே வந்துவிட்டது. இன்னொரு குடம் ஊற்றினார். சொட்டுக்கூட இறங்கவில்லை. "ஒழுகலைக் காணோம்!" என்று அவர் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

திருட்டு என்று புகார் போயிற்று. காணாமல் போன பொருளின் நீளம் அகலம் என்ன என்று போலீஸ்காரர் கேட்டார். நுழைவுச்சீட்டையும் சுண்ணாம்புக் கையையும் வைத்துத் தையல்காரரைப் பிடித்து வந்து, படுக்கையறையிலேயே விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதற்குள் மழைக்காலமும் தொடங்கிவிட்டது.

"அரசாங்கச் சொத்து," என்றார் இயக்குநர். "எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க?"

"எங்கயும் கொண்டுபோகலீங்க. அடைச்சேன்."

"அடைச்சதை விடுங்க. ஒழுகல் எங்க?"

தையல்காரர் மேலே கை காட்டினார். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அறைக்குள் ஒரு துளி இல்லை. இயக்குநர் பேச்சை நிறுத்தி மேலே பார்த்தார். ஆலோசகரும் மேலே பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துறையின் தலைமை அலுவலகம் துறையே கட்டிய புதுக் கட்டிடம். அங்கே மழை நாளில் இயக்குநர் மேஜையடியில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுவார்.

"இது சிக்கலான வழக்கு. அவசரப்படக் கூடாது," என்றார் இயக்குநர், கட்டிலில் காலை நீட்டியபடி. "குற்றம் நடந்த இடத்துலயே இருந்து நிதானமா விசாரிக்கணும். என் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லுங்க. தலையணையையும்."

நாற்காலி வந்தது, தலையணை வந்தது, பின்னாலேயே துறை முழுவதும் வந்தது. சம்பளக் குடும்பத்தார் இருவர் மட்டும் தலைமை அலுவலகத்தில் அவரவர் பிரிவுக்குத் திரும்பிப் போய் நனைந்தார்கள். வாசலில் இருந்த நுழைவுச்சீட்டு மேஜையை எடுத்துவிட்டு, அனுமதி இல்லை என்று எழுதிப் போட்டார்கள். தையல்காரர் இனி பார்வையாளராகக்கூட உள்ளே போக முடியாது. விசாரணை முடிகிற வரைக்கும் கிடங்கிலேயே இருக்கச் சொன்னார்கள். விசாரணை முடியுமா என்று கேட்டதற்கு, மழை நிற்கட்டும் என்றார்கள்.

காப்பாளரிடம் சொல்லிவிட்டு வந்து, புருஷனும் பெண்டாட்டியும் எதிர் நடைபாதையில் ஒரு குடைக்குள் நின்று பார்த்தார்கள். ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. இயக்குநர் அவர்களுடைய போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு புரண்டு படுத்தார்.

"நான் அடைச்சிருக்கக் கூடாது," என்றார் தையல்காரர். "ஒழுகியிருந்தா வீடாவது சும்மா இருந்திருக்கும். நல்லா ஆக்கினேன், போயிடுச்சு."

அவளுக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் அந்தக் கட்டிலுக்காக ஏங்கியவள் அவள். நனையாமல் படுத்திருப்பது வேறு ஆள். "குடையப் பிடிங்க," என்று அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போனாள். அட்டை கட்டிய உளி ஒன்றையும் சுத்தியல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். விதியில் இடமில்லைதான். சாப்பாட்டு நேரம் வரும்வரை காத்திருந்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

அவள் கைக்கு மட்டம் பார்க்கும் பழக்கம் இல்லை. பழைய ஓட்டை விரல் நுழையும் அளவு. அவள் போட்டது குடம் நுழையும் அளவு. மாடியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த இயக்குநர், போர்வையோடும் தலையணையோடும் எழுந்து நின்று கத்தினார்.

"அடைங்கடா! யாராவது ஓடிவந்து அடைங்கடா!"

"அடைக்கக் கூடாது சார்," என்றார் ஆலோசகர். "பாதுகாக்கப்பட்டது."

அவர்கள் எழுதிய விதி அவர்களுக்கே குறுக்கே நின்றது. ஒழுகலைத் தொட முடியாது. கட்டிலை நகர்த்த முடியாது. வாளி வைக்க முடியாது. இரண்டு நாள் துறை முழங்கால் தண்ணீரில் இயங்கியது. மூன்றாம் நாள் ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏணியில் ஏறி, ஓட்டையைச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். இயக்குநர் தெருவில் நின்று, தும்மலுக்கு நடுவே, கூடியிருந்தவர்களிடம் பேசினார்.

"நாம ஏமாந்துட்டோம். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒழுகல் இல்ல. இந்த வாரத்து ஒழுகல். போலி! உளித் தடம் இருக்கு. ஒழுகலே போலின்னா வீடும் போலி. படிக்கட்டும் சும்மா கோவத்துல கட்டினதுன்னு இப்பத் தகவல் வந்திருக்கு. இப்படிப்பட்ட ஒரு வீட்டோட எங்க துறைக்கு எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. இதுல குடியிருக்க ஆசைப்படறவங்க, பாவம், குடியிருந்துக்கட்டும்."

இருவர் கையிலும் கட்டியிருந்த அட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். பீங்கானும் மின்விசிறியும் தையல் மெஷினும் வாசலில் வந்து இறங்கின. குற்றத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. போலி ஒழுகலைத் திருடுவது சட்டப்படி குற்றம் இல்லையாம். கொத்தனார் அன்றைக்கே வந்து அரை நாளில் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

பொதுமக்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று துறை கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்தது. வாசலில் ஒரு பெரிய பலகையை அடித்துவிட்டுப் போனது. "இந்தக் கட்டிடத்துக்கு எவ்விதச் சிறப்பும் கிடையாது. இதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இயக்குநர்."

தெருவிலிருந்த பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து அந்தப் பலகையைப் படித்துப் படித்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒருவர், தயங்கித் தயங்கி, இந்த மாதிரி ஒன்று வாங்க யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தையல்காரர் மனைவி அதைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்தாள். வெள்ளி நகையைக்கூட அவள் அப்படித் துடைத்ததில்லை.

அடுத்த வருஷம் துறைக்குப் புது இயக்குநர் வந்தார். ஒருநாள் மழையில் அந்தத் தெரு வழியாக நடந்தவர், வீட்டின் முன்னால் சட்டென்று நின்றார். தூணைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், ஏதோ ஆசையோடு ஒரு படி ஏறினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அவர் பலகையைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை தையல்காரர் மனைவி வாசலிலேயே நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், நனையாத கட்டிலில், நட்டநடுவில், கையையும் காலையும் பரப்பிக்கொண்டு படுத்தாள்.